இனிஷியலை எந்தக் கட்டத்துல போடுறது? ஃபார்ம் நிரப்பி நொந்தவன் சொல்ற வழி

இனிஷியல்ங்கற வார்த்தை நமக்கு ஒண்ணாம் கிளாஸ்லயே தெரியும். டீச்சர் "இனிஷியல் என்னடா?"ன்னு கேட்டா "எம் டீச்சர்"னு டக்குன்னு சொல்லிருவோம். அப்பா பேரோட முதல் எழுத்து, அவ்வளவுதான். எனக்கு முப்பத்திரெண்டு வயசு வரைக்கும் அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம் இருக்குன்னே தெரியாது. அது தெரியாததால ஒரு லோன் பேப்பர் கட்டை ரெண்டு தடவை கையெழுத்து போட்டேன், அமெரிக்க விசாவுல பேரே இல்லாத ஆளா ஆனேன், கடைசில ஆதார், பான், பாஸ்போர்ட் மூணையும் நாலு மாசம் அலைஞ்சு மாத்துனேன். நீங்க அந்த அலைச்சல் அலைய வேண்டாம்னுதான் எழுதுறேன்.

உதாரணத்துக்கு என் பேரு செந்தில்குமார், அப்பா பேரு முருகேசன்னு வச்சுக்குங்க. ஸ்கூல் சர்டிபிகேட்ல "செந்தில்குமார் எம்".

1. முதல்ல வார்த்தையைப் புரிஞ்சுக்குங்க

நம்ம ஊர்ல இனிஷியல்னா பேருக்கு முன்னாடியோ பின்னாடியோ ஒட்டிக்கிட்டு இருக்குற ஒரு எழுத்து, அது நம்ம பேரு கிடையாது, அப்பாவோடது. ஆனா இங்கிலீஷ்காரனுக்கு அது அவனோட சொந்தப் பேரோட முதல் எழுத்துங்க எல்லாம் சேர்ந்தது. அவன் "உன் இனிஷியல்ஸ் என்ன"ன்னு கேட்டா "எஸ்எம்"னு சொல்லணும், வெறும் "எம்"னு சொல்லக்கூடாது.

அடுத்தது இன்னும் மோசம், அதே வார்த்தை ஒரு செயலாவும் வரும். வீட்டு லோனுக்கு ஒரு பேங்க்ல உக்காந்திருந்தப்ப அந்த ஆபீசர் பெரிய பேப்பர் கட்டைத் தள்ளி "எல்லாப் பக்கத்துலயும் இனிஷியல் பண்ணிருங்க சார், கடைசிப் பக்கத்துல மட்டும் ஃபுல் சைன்"னு சொல்லிட்டுப் போய்ட்டாரு. நானும் ஒவ்வொரு பக்கத்துக்குக் கீழயும் அழகா "எம்." "எம்."னு எழுதி வச்சேன், அம்பது பக்கத்துக்கு மேல. அவர் திரும்பி வந்து பாத்துட்டு சிரிக்கவும் இல்ல திட்டவும் இல்ல, புதுசா ஒரு கட்டை பிரிண்ட் எடுத்துட்டு வந்தாரு. அங்க இனிஷியல் பண்றதுன்னா சுருக்கொப்பம் போடுறது, அதாவது சின்னக் கையெழுத்து. வாடகை அக்ரிமெண்ட், வேலைக்கான ஆஃபர் லெட்டர், எதுலயாவது அடிச்சுத் திருத்துன இடம், எல்லாத்துலயும் இதேதான். இந்த சின்னக் கையெழுத்து எப்பவும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

இனிஷியல் பேமெண்ட், இனிஷியல் டெபாசிட்னு வந்தா முதல்ல கட்டுற பணம். பிளாட் விளம்பரத்துலயே பாத்திருப்பீங்க, அதுல யாரும் ஏமாறப்போறதில்ல.

கடைசியா ஒண்ணு, அமெரிக்க ஃபார்ம்ல ஒரே ஒரு எழுத்துக்கு மட்டும் குட்டியா ஒரு கட்டம் இருக்கும், மிடில் இனிஷியல்னு. அதைப் பாத்த உடனே "ஆஹா, நமக்குன்னே வச்சிருக்கான்"னு தோணும். கை வைக்காதீங்க. அது முதல் பேருக்கும் குடும்பப் பேருக்கும் நடுவுல ஒரு பேரு இருந்தா அதோட முதல் எழுத்துக்கு. நம்ம அப்பா அங்க குடியிருக்க மாட்டாரு.

இதுல இலங்கைக்காரங்க கெட்டிக்காரங்க. அங்க பல ஃபார்ம்ல முதலெழுத்துக்களோட பேரு ஒரு கட்டம், அந்த முதலெழுத்துக்கள் குறிக்கிற பேரு இன்னொரு கட்டம்னு பிரிச்சே கேப்பாங்க. மலேசியாவுல நம்மாளுங்க பேருக்கு நடுவுல மகன், மகள்னு குறிச்சு அப்பா பேரை முழுசாவே எழுதிருவாங்க. நம்மகிட்ட மட்டும்தான் ஒத்தை எழுத்து தொங்கிக்கிட்டு இருக்கு.

2. எந்த வடிவம்னு ஒரு தடவை முடிவு பண்ணுங்க

எந்த ஆபீசுக்கும் போறதுக்கு முன்னாடி வீட்டுல உக்காந்து வெள்ளப் பேப்பர்ல எழுதுங்க. கிவன் நேம், அதாவது நமக்கு வச்ச பேரு எது, சர்நேம், அதாவது குடும்பப் பேரு எது. நமக்கு மூணு வழி இருக்கு.

ஒண்ணு, கிவன் நேம் செந்தில்குமார், சர்நேம் முருகேசன். ரெண்டு, கிவன் நேம் கட்டத்துலயே செந்தில்குமார் முருகேசன்னு ரெண்டையும் போட்டுட்டு சர்நேமை காலியா விடுறது. மூணு, அப்பா பேரை கிவன் நேம்லயும் நம்ம பேரை சர்நேம்லயும் போட்டு நம்ம பேரால கூப்பிட வைக்கிறது.

நான் சொல்றது முதல் வழி. என்ன, வெளிநாட்டுல எல்லாரும் "மிஸ்டர் முருகேசன்"னு கூப்பிடுவாங்க, முதல் ஆறு மாசம் அப்பா பின்னாடி நிக்கிறாரோன்னு திரும்பிப் பாப்பீங்க. விஸ்வநாதன் ஆனந்துக்கே அதான் நடந்துச்சு, விஸ்வநாதன் அவங்க அப்பா பேரு, ஆனா வெளிநாட்டுக்காரங்க அதை அவரோட முதல் பேருன்னு எடுத்துக்கிட்டு "விஷி" ஆக்கிட்டாங்க. சுந்தர் பிச்சையில பிச்சைங்கறது அப்பா பேருதான், அது குடும்பப் பேராவே நின்னுருச்சு, அவர் மனைவிக்கும் அதேதான். ரெண்டாவது வழி பாஸ்போர்ட்ல செல்லும், ஆனா விசாவுல இடிக்கும், அதை எட்டாவதுல சொல்றேன். மூணாவது வழி கேக்க நல்லாருக்கும், ஆனா அடுத்து வர்ற உங்க புள்ளைங்க பேரோட சேர்த்துப் பாத்தா குழம்பிரும்.

ரெண்டு இனிஷியல் வச்சிருக்கறவங்களுக்கு தனிப் பிரச்சினை. ஏ.பி.ஜே. அப்துல் கலாம்ல மூணு இருக்கு, அதுல ஜே மட்டும்தான் அவங்க அப்பா ஜைனுலாப்தீன். உங்களுக்கும் ஊர் பேரு, தாத்தா பேருன்னு ரெண்டு எழுத்து இருந்தா ரெண்டையும் விரிச்சு முழுப் பேரா எழுதணும்னு கட்டாயம் இல்ல, ஆனா பழைய சர்டிபிகேட்ல ரெண்டு எழுத்தும் இருந்தா புதுசுல ஒண்ணைக் காணோமேன்னு கண்டிப்பா ஒருத்தர் கேப்பாரு. அப்பா பேரை சர்நேம்ல வச்சுட்டு இன்னொண்ணை கிவன் நேமோட சேர்த்துருங்க.

அம்மா இனிஷியல் போட்டிருக்கறவங்க பயப்படவே வேண்டாம், இதே வழிதான். பாஸ்போர்ட் ஃபார்ம்ல 2016 டிசம்பர் விதிகளுக்கு அப்புறம் அம்மா அப்பா ரெண்டு பேர்ல ஒருத்தர் பேரு இருந்தாலே போதும். கவுன்டர்ல யாராவது வேற மாதிரி பேசுனா அதைச் சொல்லுங்க.

3. கையில இருக்கறதை எல்லாம் பரப்பி வைங்க

பத்தாவது மார்க்‌ஷீட், டிசி, டிகிரி, ஆதார், பான், வோட்டர் ஐடி, பாஸ்போர்ட், பேங்க் பாஸ்புக். ஒவ்வொண்ணுலயும் பேரு எப்படி அச்சாகியிருக்குன்னு எழுத்து மாறாம ஒரு பேப்பர்ல எழுதுங்க. எனக்கு எட்டு ஆவணத்துல அஞ்சு விதமா இருந்துச்சு. ஒண்ணுல "எம் செந்தில்குமார்", ஒண்ணுல "செந்தில்குமார் எம்", ஒண்ணுல "செந்தில் குமார்"னு நடுவுல இடைவெளி, அந்த இடைவெளிதான் பெரிய வில்லன். செந்திலும் குமாரும் தனித்தனியா நின்னா கம்ப்யூட்டர் குமாரை சர்நேம்னு எடுத்துக்கும்.

இன்னொரு பொறி தமிழ் இனிஷியல்ல இருக்கு. 2021 டிசம்பர்ல இருந்து தமிழ்நாட்டுல அரசு ஆவணங்கள்ல இனிஷியலையும் தமிழ்ல எழுதணும்னு ஆணை இருக்கு, நல்ல விஷயம்தான். ஆனா "கோ."ன்னு எழுதியிருந்தா அது கோதண்டனா கோபாலா, இங்கிலீஷ்ல கே போடுறதா ஜி போடுறதான்னு டைப் அடிக்கிறவர் அவர் இஷ்டத்துக்குப் போட்டுருவாரு. "ச."வுக்கும் அதே கதை, எஸ்ஸும் வரும் சி-யும் வரும். அதனால இங்கிலீஷ் எழுத்து என்னன்னு நீங்களே எழுதிக் கொடுங்க, வாயால சொல்லாதீங்க.

அப்பா பேரோட ஸ்பெல்லிங்கையும் இப்பவே பாத்துக்குங்க. அவரோட ஆதார்ல ஒரு மாதிரி, உங்க மார்க்‌ஷீட்ல வேற மாதிரி இருந்தா உங்க மார்க்‌ஷீட்ல இருக்கறதையே எடுத்துக்குங்க, மார்க்‌ஷீட்டை மாத்துறதுதான் எல்லாத்தையும் விட கஷ்டம்.

4. ஆதார்ல ஆரம்பிங்க

மத்த எல்லா ஆபீசும் ஆதாரைத்தான் பாக்குது, அதனால அதுதான் முதல்ல. பேரு மாத்துற கட்டணம் 75 ரூபா, 2025 அக்டோபருக்கு முன்னாடி 50-ஆ இருந்துச்சு. ஆதார் சென்டர்ல ரசீது கொடுப்பாங்க, அதுல போட்டிருக்குற தொகைக்கு மேல கொடுக்காதீங்க.

முக்கியமான எச்சரிக்கை: ஆதார்ல பேரை ஆயுசுக்கு ரெண்டே தடவைதான் மாத்தலாம். ஒரு எழுத்தைத் திருத்துனாலும் அது ஒரு தடவைதான். நான் முதல் தடவை போனப்ப ஆபரேட்டர் முருகேசன்ல ஒரு எழுத்தை விட்டுட்டாரு, நான் ஸ்க்ரீனைப் பாக்காம தலையாட்டிட்டேன், ஒரு வாய்ப்பு போச்சு. எதுக்க ஒரு ஸ்க்ரீன் இருக்கும், அதுல ஒவ்வொரு எழுத்தா வாசிங்க. பின்னாடி லைன் நின்னா நிக்கட்டும்.

இங்க ஒரு முட்டையா கோழியா பிரச்சினை வரும். விரிச்ச பேரோட ஒரு ஆவணம் கொடுத்தாதான் ஆதார்ல விரிப்பாங்க, நம்மகிட்ட எல்லாத்துலயும் ஒத்தை எழுத்துதான். எனக்குக் கை கொடுத்தது கெஜட்டட் ஆபீசர் சான்றிதழ். ஆதார் தளத்துலயே அதுக்கு ஒரு படிவம் இருக்கு, அந்தப் படிவத்துலதான் வேணும், லெட்டர்பேடுல எழுதி வாங்கிட்டுப் போனா திருப்பி அனுப்பிருவாங்க. போட்டோ ஒட்டி, அதுல பாதி போட்டோ மேலயும் பாதி பேப்பர் மேலயும் விழுற மாதிரி கையெழுத்தும் சீலும் வாங்கணும். தேதி போட்டு மூணு மாசம்தான் செல்லும். எந்தெந்த ஆவணம் ஏத்துக்குவாங்கங்கற பட்டியல் அப்பப்ப மாறுது, போற அன்னைக்குக் காலையில தளத்துல ஒரு தடவை பாத்துட்டு கிளம்புங்க. எனக்கு மாறி வர பதினெட்டு நாள் ஆச்சு.

5. பான் கார்டு

பான் ஃபார்ம் நம்ம பழக்கத்துக்கு நேர் எதிர். அதுல லாஸ்ட் நேம் கட்டாயம், ஃபர்ஸ்ட் நேம் இல்லாம இருக்கலாம். ஒத்தைப் பேரு வச்சிருக்கறவங்க பேரை லாஸ்ட் நேம்லதான் போடணும், ஃபர்ஸ்ட் நேம்ல போட்டா ஃபார்ம் நகராது. அந்தக் கட்டங்கள்ல இனிஷியல் போடக்கூடாதுன்னு அவங்க குறிப்புலயே இருக்கு. கார்டுல அச்சாகற பேருன்னு தனியா ஒரு கட்டம் வரும், அதுல சுருக்கி எழுத விடுவாங்க, நீங்க சுருக்காதீங்க, அங்க சுருக்குனா மறுபடியும் பழைய கதைதான்.

பான் கார்டுல அப்பா பேரு தனி வரில அச்சாகியிருக்கும், அதைப் பாத்துட்டு "அதான் அப்பா பேரு இருக்கே"ன்னு நிறையப் பேர் விட்டுருவாங்க. அது உங்க பேரோட பகுதி கிடையாது. கார்டு வீட்டுக்கு வரணும்னா 107 ரூபா. ஆதார்ல இருக்குற மாதிரியே எழுத்து எழுத்தா இருக்கட்டும். எனக்கு பன்னெண்டு நாள்ல தபால்ல வந்துருச்சு.

6. பாஸ்போர்ட்

ஏற்கனவே பாஸ்போர்ட் இருக்கறவங்களுக்கு இது ரீஇஷ்யூ, புதுசு கிடையாது. ஃபார்ம்ல காரணம் கேக்கற இடத்துல சொந்த விவரத்துல மாற்றம்ங்கறதை டிக் பண்ணணும். 36 பக்கத்துக்கு 1500 ரூபா, 60 பக்கம்னா 2000. தட்கால்னா அதுக்கு மேல இன்னொரு 2000. பேரு மாத்தறப்ப தட்கால் போட்டு அவசரப்படாதீங்க, ஒரு பேப்பர் குறைஞ்சாலும் அலைச்சல்தான்.

எடுத்துட்டுப் போக வேண்டியது: பழைய பாஸ்போர்ட் ஒரிஜினல், அதோட முதல் ரெண்டு பக்கம் கடைசி ரெண்டு பக்கம் ஜெராக்ஸ், விரிச்ச பேரு இருக்குற ஆதாரும் பானும், பத்தாவது மார்க்‌ஷீட். எல்லா ஜெராக்ஸ்லயும் நீங்களே கையெழுத்து போடணும். உள்ள ஏ, பி, சின்னு மூணு கவுன்டர். ஏ-ல போட்டோ, கைரேகை, டைப் அடிச்ச விவரத்தைக் காட்டுவாங்க, அங்கதான் பேரைக் கடைசியா சரி பாக்க முடியும். பி-ல ஆவணம் பாப்பாங்க, சி-ல முடிவு சொல்வாங்க.

ஃபார்ம்ல ரெண்டு கேள்வியைப் பாத்து எல்லாரும் முழிப்பாங்க. உங்களுக்கு வேற பேரு இருக்கா, எப்பவாவது பேரை மாத்தியிருக்கீங்களா. வீட்டுல கூப்பிடுற செல்லப் பேரை எல்லாம் அங்க எழுதாதீங்க. பழைய பாஸ்போர்ட்ல எப்படி இருந்துச்சோ அதை மாத்துனேன்னு உண்மையைச் சொல்லுங்க. பி கவுன்டர்ல என்கிட்ட "ஏன் சார் இப்ப மாத்துறீங்க"ன்னு கேட்டாங்க, "இனிஷியலை விரிக்கிறேன், வேற ஒண்ணும் இல்ல"ன்னு சொன்னேன், ஆதாரையும் பானையும் சேர்த்து வச்சுப் பாத்துட்டு விட்டுட்டாங்க. பேரையே அடியோட மாத்தறவங்களுக்கு பேப்பர் விளம்பரம் அது இதுன்னு நீளும், நம்ம கேஸ் அது இல்ல, அதனால "பேரு மாத்தறேன்"னு வாயை விட்டு பெருசாக்காதீங்க, "விரிக்கிறேன்"னு சொல்லுங்க.

அப்புறம் போலீஸ் வெரிஃபிகேஷன். அக்கம்பக்கத்து வீட்டுல உங்க முழுப் பேரைச் சொல்லி வைங்க. எங்க தெருவுல முருகேசன் செந்தில்குமார்னு கேட்டதும் "ரெண்டு பேரா?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்காரு.

மொத்தம் 75-ம் 107-ம் 1500-ம் சேர்த்து 1682 ரூபா, ஜெராக்ஸ் டீ செலவு தனி. இதே வேலைக்கு ஒரு புரோக்கர் என்கிட்ட ஆறாயிரம் கேட்டாரு.

7. பேங்க், பிஎஃப்

ஆதார், பான் மாறுனதும் பேங்க்ல கேஒய்சி ஃபார்ம் ஒண்ணு கொடுத்தாப் போதும், காசு கிடையாது. பிஎஃப்ல பேரு ஆதாரோட ஒத்துப் போகலைன்னா பணம் எடுக்கறப்ப நிக்கும், அதனால வேலையில இருக்கறப்பவே மாத்திருங்க, வேலையை விட்டுட்டா பழைய ஆபீஸ் வாசல்ல நிக்க வேண்டி வரலாம்.

8. விசா, டிக்கெட், பரீட்சை

இங்கதான் நான் விழுந்தேன். முதல் பாஸ்போர்ட்ல கிவன் நேம் செந்தில்குமார், சர்நேம் காலி. அமெரிக்க விசாவுக்கான டிஎஸ்-160 ஃபார்ம்ல சர்நேம் காலியா இருக்க முடியாது. பாஸ்போர்ட்ல சர்நேம் இல்லாதவங்க கிவன் நேம் முழுசையும் தூக்கி சர்நேம்ல போட்டுட்டு, கிவன் நேம் இடத்துல எஃப்என்யூன்னு மூணு எழுத்து போடணும். அதுக்கு முதல் பேரு தெரியவில்லைன்னு அர்த்தம். அங்க போய் எடுக்கற டிரைவிங் லைசென்ஸ்ல இருந்து ஆபீஸ் பேட்ஜ் வரைக்கும் அது தொத்திக்கும். என் டீம்ல ஒருத்தன் ரெண்டு வாரம் என்னை "ஃப்னூ"ன்னு கூப்பிட்டான், ஏதோ இந்தியப் பேருன்னு நினைச்சுக்கிட்டு.

விசிட் விசாவுக்கு கட்டணம் 185 டாலர், திரும்ப வராது. அதனால பாஸ்போர்ட்டை சரி பண்ணிட்டு அப்புறமா ஃபார்ம் போடுங்க. பேரு தப்பாப் போட்டுட்டா புது டிஎஸ்-160 நிரப்பலாம், ஆனா புது நம்பரை அப்பாயின்ட்மெண்ட்லயும் மாத்தணும், ரெண்டும் ஒத்துப் போகலைன்னா வாசல்லயே திருப்பிருவாங்க.

துபாய் பக்கம் போறவங்களுக்கு: 2022 நவம்பர்ல ஒத்தைப் பேரு பாஸ்போர்ட்டோட விசிட் விசாவுல வர்றவங்களை விட மாட்டோம்னு அமீரகம் சொல்லி பெரிய களேபரம் ஆச்சு. அப்புறம் பாஸ்போர்ட்டோட இன்னொரு பக்கத்துல அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தா போதும்னு விளக்கம் கொடுத்தாங்க. அதனால அந்தக் கடைசிப் பக்கத்தையும் சேர்த்து ஸ்கேன் எடுத்து வைங்க.

டிக்கெட் போடறப்ப லாஸ்ட் நேம்ல வெறும் "எம்"னு போட்டா பல சைட்டு ரெண்டு எழுத்தாவது வேணும்னு சிவப்புல கத்தும். உடனே கடுப்புல "எம்எம்"னு போட்டவங்களை எனக்குத் தெரியும். பாஸ்போர்ட்ல என்ன இருக்கோ அதான் டிக்கெட்ல. சர்நேம் இல்லாதவங்களுக்கு ஒவ்வொரு ஏர்லைன்ஸும் ஒவ்வொரு வழக்கம் வச்சிருக்கு, சில இடத்துல ஒரே பேரை ரெண்டு கட்டத்துலயும் போடச் சொல்வாங்க, புக் பண்றதுக்கு முன்னாடி கேட்டுருங்க. ஐஇஎல்டிஎஸ், டோஃபல் மாதிரி இங்கிலீஷ் பரீட்சை எழுதறவங்களும் பாஸ்போர்ட் பேரையே போடுங்க, ஸ்கூல் சர்டிபிகேட் பேரைப் போட்டுட்டு பரீட்சை ஹால் வாசல்ல நிக்காதீங்க.

9. கல்யாணம் ஆன பொண்ணுங்களுக்கு

கல்யாணம் ஆன உடனே இனிஷியலை மாத்தணும்னு எந்தச் சட்டமும் இல்ல. எங்க அக்கா கல்யாணம் ஆன ஒரே மாசத்துல ஆதார்ல வீட்டுக்காரர் இனிஷியலுக்கு மாத்துச்சு, டிகிரி பழைய இனிஷியல்ல, பான் பழைய இனிஷியல்ல. ஆதார்ல ரெண்டு வாய்ப்புல ஒண்ணு போச்சு, திரும்ப அப்பா பேருக்கே வர்றதுக்கு இன்னொண்ணு போச்சு. பாஸ்போர்ட்ல வீட்டுக்காரர் பேரைச் சேர்க்க தனிக் கட்டம் இருக்கு, உங்க பேரைத் தொடாமலே அதுல சேர்த்துக்கலாம். பெரியவங்க கேட்டா கல்யாணப் பத்திரிகையில மாத்துங்க, அதுக்கு யாரும் கேஒய்சி கேக்கறதில்ல.

10. குழந்தைக்கு

பிறப்பை 21 நாளைக்குள்ள பதிவு பண்ணுனா கட்டணம் இல்ல. பேரை அப்பவே எழுதணும்னு இல்ல, ஒரு வருஷத்துக்குள்ள கட்டணம் இல்லாம சேர்க்கலாம், அதுக்கப்புறம் தாமதக் கட்டணம் உண்டு. 2023 அக்டோபர் 1-ல இருந்து பொறந்த புள்ளைங்களுக்கு பாஸ்போர்ட்ல பிறந்த தேதிக்கு பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் செல்லும், டிசி, மார்க்‌ஷீட் எல்லாம் எடுபடாது. அதனால அந்தச் சான்றிதழ்ல பேரு எப்படி விழுதுன்னு பக்கத்துலயே நின்னு பாருங்க.

நான் என் பொண்ணுக்குப் போனப்ப கிளார்க் வழக்கம் போல "இனிஷியல் என்ன சார்?"னு கேட்டாரு. "இனிஷியல் இல்ல சார், முழுசா எழுதுங்க"ன்னேன். பேனாவை வச்சுட்டு என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. நான்தான் அப்பான்னு என் ஆதாரை எடுத்துக் காட்டுன பிறகுதான் எழுதுனாரு.